பெயர் அழித்த தட்டுகள்: உரிமமில்லாத டார்க் ஆம்பியன்ட் தொகுப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்ட் பக்கம் இருக்கிற தமிழர்கள் சிலர் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ரெக்கார்டு கேட்கிறோம். பாதிப் பேர் இளையராஜா கொண்டுவருவார்கள். மீதிப் பேர் கொண்டுவருவது என்னவென்றே சொல்லத் தெரியாத சத்தம். அந்தச் சத்தத்தில் முக்கால்வாசி, யாரிடமும் அனுமதி வாங்காமல் அச்சடித்த தொகுப்புகள். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சட்டம் பற்றிய பகுதி ஒரு ரசிகன் படித்துத் தெரிந்துகொண்டது. வக்கீல் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உரிமமில்லாத தொகுப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

80, 90-களில் ஊரில் ரெக்கார்டிங் சென்டர் வாசலில் நின்றவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, கூடவே ஒரு டிடிகே கேசட்டும் கொடுத்தால், இரண்டு நாளில் பட்டியல்படி பதிந்து வைத்திருப்பார்கள். இசையமைப்பாளருக்கோ கம்பெனிக்கோ அதில் சல்லிக்காசு போகாது. அதே வேலையை ஐரோப்பாவில் யாரோ ஒருவர் 300 எல்பி தட்டாக அடித்து, அட்டை போட்டு விற்றால் அதுதான் இது. ஒரே வித்தியாசம், பட்டியலை அவர் எழுதியிருக்கிறார். நாம் காசு கொடுப்பதும் அந்தப் பட்டியலுக்குத்தான்.

பூட்லெக் என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். மேடைக் கச்சேரியைத் திருட்டுத்தனமாகப் பதிந்து விற்பது ஒரு ரகம். அசல் தட்டை அட்டை முதல் லேபிள் வரை அப்படியே நகலெடுத்து அசல் என்று ஏமாற்றி விற்பது இன்னொரு ரகம். அது கள்ள நோட்டு வியாபாரம், அதைப் பற்றிப் பேச எனக்கு ஆர்வமில்லை. நான் சொல்வது, எங்கெங்கோ சிதறிக் கிடந்த பதிவுகளை ஒருவர் தன் ரசனைப்படி கோத்துக் கொண்டுவரும் தட்டு.

வழக்கம் பழையது. சோவியத் நாட்டில் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய எக்ஸ்ரே படங்களை வட்டமாக வெட்டி அதில் தடை செய்யப்பட்ட இசையைப் பள்ளம் கீறி விற்றார்கள். விலா எலும்பு தெரியும், ஜாஸ் கேட்கும். அமெரிக்காவில் 1969-ல் பாப் டிலனின் வெளிவராத பதிவுகள் வெற்று வெள்ளை அட்டையில் லாஸ் ஏஞ்சல்ஸ் கடைகளுக்கு வந்தபோது ராக் உலகில் இந்தத் தொழில் சூடு பிடித்தது. அதுவரை பிரபலங்களை வைத்துத்தான் பிழைப்பு. யாருக்கும் தெரியாத ஆட்களைத் தொகுத்து அடிக்கும் பழக்கம் 70-களின் கடைசியில், பழைய கராஜ் ராக் சிங்கிள்களைத் தேடியவர்களிடம் ஆரம்பித்தது. 80-களின் கடைசியில் பங்க் ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எலெக்ட்ரானிக் இசைக்கு வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு.

டார்க் ஆம்பியன்ட் என்றால் என்ன? பேய்ப் படப் பின்னணி இசையா?

கேட்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத்தான் சொல்கிறார்கள், கோபமில்லை. பிரையன் ஈனோ 1978-ல் விமான நிலையத்துக்கென்று ஒரு இசை செய்து அதற்கு ஆம்பியன்ட் என்று பெயர் வைத்தார். கவனித்தும் கேட்கலாம், கவனிக்காமலும் விட்டுவிடலாம் என்பது அதன் நோக்கம். டார்க் ஆம்பியன்ட் கவனிக்காமல் விட முடியாத வகை. தாளம் அநேகமாக இருக்காது. மெட்டு இருந்தாலும் எங்கோ புதைந்திருக்கும். அடிக்குரல் சுருதி ஒன்று நீண்டுகொண்டே போகும், அதன் மேல் உலோகம் உரசும் ஓசை, குகை எதிரொலி, எங்கோ ஒரு கதவு.

இங்கிலாந்தில் 1975-க்குப் பிறகு தொடங்கிய, இயந்திரச் சத்தத்தையும் இரைச்சலையும் இசையாக்கிய இண்டஸ்ட்ரியல் இசைதான் இதன் தாய்வீடு. லஸ்ட்மோர்ட் என்ற பெயரில் பிரையன் வில்லியம்ஸ் 1990-ல் கொண்டுவந்த ஆல்பத்துக்கு நிலவறைக் கல்லறைகளிலும் குகைகளிலும் சுரங்கங்களிலும் எடுத்த ஒலிகளைப் பயன்படுத்தினார். சுவீடனில் 1987-ல் ஆரம்பித்த கோல்ட் மீட் இண்டஸ்ட்ரி என்ற லேபிள், அதாவது தட்டு வெளியிடும் கம்பெனி, இந்த இசைக்கு ஒரு முகவரியே கொடுத்தது. தம்புரா மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்போது அதிலேயே லயித்துப் போகிற ஆளாக நீங்கள் இருந்தால் இதுவும் பிடிக்க வாய்ப்புண்டு. கச்சேரி எப்போது ஆரம்பிக்கும் என்று கடிகாரம் பார்க்கிற ஆளென்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஏன் இந்த இசையில் மட்டும் இவ்வளவு உரிமமில்லாத தொகுப்புகள்?

அசல் கிடைக்காததால். 80-களில் இந்த இசையைச் செய்தவர்கள் பெரும்பாலும் படுக்கையறையில் ஒரு சின்த்தும் (சின்தசைசர்) ஒரு நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டரும் வைத்திருந்தவர்கள். ஐம்பது, நூறு கேசட் நகலெடுத்து, ஜெராக்ஸ் அட்டை போட்டு, தபாலில் பரிமாறிக்கொண்டார்கள். பிறகு வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். கேசட் பரண் மேல் போயிற்று.

இதோடு ஒரு பட்டியலின் வேலையும் சேர்ந்துகொண்டது. நர்ஸ் வித் வூண்ட் என்ற ஆங்கிலக் குழு 1979-ல் வெளியிட்ட முதல் தட்டின் உள்ளே, தங்களுக்குப் பிடித்த விநோதமான கலைஞர்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டது. விளக்கம் எதுவும் இல்லை, வெறும் பெயர்கள். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தட்டுத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். தேவை ஏறியது, சரக்கு நூறு பிரதிதான். ஒரு கேசட்டுக்கு மாதச் சம்பளம் கேட்கும் நிலை வந்ததும் யாரோ ஒருவர் அதைத் தொகுத்துத் தட்டாக அடித்துவிட்டார்.

சினிமா, டிவி, விளம்பரக் கம்பெனிகளுக்கென்றே தயாரான லைப்ரரி இசைத் தட்டுகளும் இந்தத் தொகுப்புகளுக்கு நல்ல தீனி. அவை கடைக்கே வந்ததில்லை. அதில் சில நிமிடங்கள், இன்றைக்கு யாராவது செய்திருந்தால் விருது கொடுப்பார்கள், அப்படி இருக்கும்.

இந்தியாவில் இதை வாங்குவது சட்டப்படி குற்றமா?

ஒரு பிரதி சொந்த உபயோகத்துக்கு வரவழைப்பதைச் சட்டம் விட்டுவிடுகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு, உரிமை மீறிய பிரதிகளை விற்பதையும் இறக்குமதி செய்வதையும் மீறல் என்கிறது. ஆனால் அதே பிரிவின் கடைசியில், இறக்குமதி செய்பவர் தன் வீட்டு உபயோகத்துக்காக ஒரே ஒரு பிரதி கொண்டுவந்தால் அது மீறலாகாது என்று விலக்கு இருக்கிறது. நண்பருக்கும் சேர்த்து இரண்டாக வாங்கினால் இந்த விலக்கு கைகொடுக்காது. தெரிந்தே மீறினால் 63-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"பழசுதானே, உரிமை தீர்ந்திருக்குமே" என்று ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். தீரவில்லை. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை. 1981-ல் வெளிவந்த கேசட்டுக்கு 2041 முடியும் வரை ஓடும். இசையமைப்பின் உரிமை தனி. அது படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு.

அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று உண்டு: 52ஏ. ஒலிப்பதிவு எதை வெளியிட்டாலும், தயாரித்தவர் பெயரும் முகவரியும், உரிமையாளர் பெயரும் முகவரியும், முதலில் வெளியான ஆண்டும் தட்டின் மேலும் உறையின் மேலும் இருக்க வேண்டும் என்கிறது. இந்தத் தொகுப்புகள் பெரும்பாலானவற்றில் இந்த மூன்றும் இருக்காது. எனக்கு உறுத்துவதும் அதுதான், அடுத்த பதிலில் சொல்கிறேன்.

அப்படியானால் இது திருட்டுதானே? எப்படி மனசாட்சியோடு கேட்கிறீர்கள்?

திருட்டுதான், சுற்றி வளைக்க விரும்பவில்லை. ஆனால் இதில் பணத்தைவிடப் பெரிய திருட்டு ஒன்று நடக்கிறது. 300 தட்டு விற்று யாரும் மலபார் ஹில்லில் வீடு வாங்கிவிடுவதில்லை. இசைஞருக்குப் போக வேண்டிய பங்கும் ஒரு குடும்பம் மாட்டுங்காவில் ஒரு வாரம் சாப்பிடும் அளவுக்குத்தான் வரும். பெயரை அழித்தால் கதை வேறு. சில தொகுப்புகளில் பாட்டின் பெயர் இருக்காது, கலைஞர் பெயர் இருக்காது, அல்லது வேண்டுமென்றே மாற்றி எழுதியிருப்பார்கள், மற்ற சேகரிப்பாளர்கள் அசலைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று. நாற்பது வருடம் பரணில் கிடந்த ஒருவரின் வேலையை வெளியே எடுத்து, அவர் பெயரைச் சுரண்டிவிட்டு, "அபூர்வம்" என்று விலை ஏற்றுகிறார்கள். அதை நான் வாங்குவதில்லை.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் இருக்கிறார்கள். அனுமதி இல்லைதான், ஆனால் உள்ளே நாலு பக்கத் தாள் இருக்கும்: இந்தப் பதிவு இந்த ஊரில் இந்த ஆண்டில் கேசட்டாக வந்தது, இத்தனை பிரதி, இவர்கள் வாசித்தார்கள், இந்தக் கருவி. அந்தத் தாளை வைத்துக்கொண்டு உண்மையான இசைஞரைத் தேடிப் போக முடியும். அதன் பின் முறையான மறுபதிப்பே வந்ததும் உண்டு.

"இசைஞரைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற சாக்கு 1989-ல் செல்லும். இப்போது செல்லாது. ஜெர்மனியின் வினைல் ஆன் டிமாண்ட் 2003-லிருந்தும், நியூயார்க்கின் மினிமல் வேவ் 2005-லிருந்தும், சான் பிரான்சிஸ்கோவின் டார்க் என்ட்ரீஸ் 2009-லிருந்தும் இதே மாதிரியான மறந்துபோன ஆட்களைத் தேடிப் பிடித்து, ஒப்பந்தம் போட்டு, வெளியிடுகிறார்கள். அவர்களால் முடிகிறது என்றால் மற்றவர்களுக்கு விருப்பமில்லை என்றுதான் அர்த்தம்.

என் வழக்கம் இது: முறையான பதிப்பு இருந்தால் அதைத்தான் வாங்குவேன், உரிமமில்லாத தட்டு கூடுதல் அழகாக இருந்தாலும். முறையான பதிப்பு இல்லை, தொகுப்பில் பெயர்களும் ஆண்டுகளும் இருக்கின்றன என்றால் வாங்கிவிட்டு, அந்தப் பெயர்களை, இசைஞர்களே நேராக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் தேடுவேன். பல பேர் இப்போது அங்கே தங்கள் பழைய கேசட்டுகளைத் தாங்களே ஏற்றி வைத்திருக்கிறார்கள். நாலைந்து யூரோ நேராக அவர்கள் கைக்குப் போகும். சிலர் நன்றி சொல்லிப் பதில்கூட எழுதுகிறார்கள், மும்பையில் யார் இதைக் கேட்கிறார்கள் என்ற ஆச்சரியத்தோடு.

தட்டைப் பார்த்தே உரிமமில்லாதது என்று தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். லேபிளில் முகவரி இருக்காது. கம்பெனிப் பெயரைத் தேடினால் அந்த ஒரு தட்டைத் தவிர வேறெதுவும் வெளியிட்டிருக்காது. வெற்று வெள்ளை லேபிளில் ரப்பர் ஸ்டாம்ப், கையால் எழுதிய பிரதி எண், ஒட்டுத்தாள் அட்டை. ஆனால் சின்ன, யோக்கியமான லேபிள்களும் காசு மிச்சம் பிடிக்க இப்படியே செய்வதால் இதை மட்டும் நம்பக் கூடாது.

கடைசிப் பள்ளத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண் ஆலையின் கணக்கு எண். கம்பெனி பெயர் போலியாக இருக்கலாம், நாடு போலியாக இருக்கலாம். ஆலை தன் கணக்குக்காகக் கீறும் எண் அநேகமாகப் பொய் சொல்லாது. செக் நாட்டில் உள்ள ஜிஇசட் ஆலையின் தட்டு என்றால் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு இலக்கமும் அதையடுத்து இ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள தட்டுகள் எப்போது வந்தன என்று பார்த்தால், "1984 அச்சு" என்று விற்கும் தட்டு உண்மையில் எந்த வருடத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

தட்டுகளின் விவரங்களைச் சேகரித்து வைக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் தேடினால் "அதிகாரபூர்வமற்றது" என்ற குறிப்போடு பட்டியலிட்டிருப்பார்கள். அந்தத் தளம் 2000-ல் ஆரம்பித்ததே எலெக்ட்ரானிக் இசைக்காகத்தான், அதனால் இந்த வகையில் அதன் விவரம் நம்பகமானது.

ஒலித் தரம் எப்படி இருக்கும்?

ஒரே தட்டில் ஒரு பாட்டு பிரமாதமாகவும் அடுத்தது கிணற்றுக்குள்ளிருந்து வருவதாகவும் இருக்கும். காரணம், மூல நாடா தொகுப்பவர் கையில் இருக்காது. பழைய கேசட், பழைய தட்டு, மோசமென்றால் இணையத்தில் இறக்கிய எம்பி3, எது கிடைத்ததோ அது.

எதிலிருந்து எடுத்தார்கள் என்று காதாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுக்கும். உங்கள் தட்டில் கீறல் இருந்தால் 'டிக்' என்ற ஓசை 1.8 நொடிக்கு ஒருமுறை வரும். ஓசை வருகிறது, ஆனால் 1.33 நொடிக்கு ஒருமுறை வருகிறது என்றால், உங்கள் தட்டில் கீறலே இல்லை. தொகுத்தவர் வைத்திருந்த 45 வேக சிங்கிளின் கீறல் அது. அந்தக் கீறலையும் சேர்த்து உங்களுக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு 'டிக்'கில் செல்போன் நேரமானியைத் தொடங்கி, அதன் பிறகு பத்து 'டிக்' எண்ணிப் பார்த்தால் போதும்: 18 நொடியா, 13 நொடியா. எங்கள் கூட்டத்தில் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

கேசட் மூலம் என்றால் தொடர்ச்சியான 'ஸ்ஸ்' இருக்கும், நடுவில் ஒலி ஒரு கணம் மங்கித் திரும்பும், ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும். எம்பி3 என்றால் கணினியில் பதிந்து அலைவரிசைப் படம் பார்க்கச் சொல்வார்கள். 128 கேபிபிஎஸ் கோப்பு ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுப்பட்டிருக்கும். தட்டைப் பொறுத்தவரை இந்தச் சோதனையை முழுசாக நம்பாதீர்கள். ஊசியின் இரைச்சலே அந்த வெற்றிடத்தை நிரப்பி மறைத்துவிடும்.

இன்னொரு சிக்கல் இந்த இசைக்கே உரியது. எல்பியின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் நல்ல சத்தத்தோடு அடங்கும். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்க வேண்டும், சத்தத்தைக் குறைக்க வேண்டும். டார்க் ஆம்பியன்ட்டில் ஒரு உருப்படியே இருபது நிமிடம். அதனால் தொகுப்பவர்கள் கத்தரி போடுகிறார்கள். ஏழாவது நிமிடத்தில் சத்தம் தேய்ந்து போகும், அசலில் அப்போதுதான் ஆரம்பமே ஆகியிருக்கும். அடிக்குரல் ஒலி இடது வலது ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கொன்று முரணாக அசைந்தால் பள்ளத்தின் ஆழம் ஏறி இறங்கும், ஊசி துள்ளும். விஷயம் தெரிந்த பொறியாளர் அடிக்குரலை நடுவுக்குக் கொண்டுவந்துதான் வெட்டுவார். செலவை மிச்சம் பிடித்த தொகுப்புகளில் இந்த வேலை நடந்திருக்காது; ஊசி துள்ளும்போது உங்கள் பிளேயரைத் திட்டாதீர்கள்.

இந்தக் கலைஞர்கள் எல்லாம் உண்மையில் இருந்தார்களா?

எல்லோரும் இல்லை. உர்சுலா போக்னர் என்ற ஜெர்மன் பெண்மணி, மருந்து நிறுவன வேலையும் குடும்பமுமாக இருந்துகொண்டே வீட்டில் சின்த் இசை செய்தார் என்று 2008-ல் ஒரு ஆல்பம் வந்தது. யான் யெலினெக் என்ற இசைஞரின் கற்பனைப் பாத்திரம் அவர் என்பதுதான் பொதுவான முடிவு. 2011-ல் வந்த யூர்கன் முல்லர் என்ற கடலியல் ஆய்வாளரும் அப்படியே. செய்தவர் நார்ம் சேம்பர்ஸ் என்ற அமெரிக்கர். இரண்டுமே நல்ல இசை, முறையாக வெளிவந்தவை. உரிமமில்லாத தொகுப்புகளில் தொகுத்தவரே தன் சொந்தப் பதிவை நடுவில் நுழைத்து "1982, ஊர் தெரியவில்லை" என்று போட்டுவிடுவதும் நடக்கிறது. பெயரும் ஊரும் ஆண்டும் இல்லாத உருப்படி மற்றவற்றைவிடச் சுத்தமாக ஒலித்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

மும்பையில் எங்கே கிடைக்கும்?

சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்டில் கிடைக்குமா என்று கேட்காதவர் இல்லை. அங்கே இந்திப் படத் தட்டுகள், பழைய ஆங்கிலப் பாப், அதிர்ஷ்டமிருந்தால் ஒரு நல்ல ஜாஸ். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நடைபாதையில் விரிக்கும் சரக்கைக் கிளறலாம், பொழுது நன்றாகப் போகும்; டார்க் ஆம்பியன்ட் எதிர்பார்க்க வேண்டாம். காலா கோடாவில் இருந்த ரிதம் ஹவுஸ் 2016-ல் மூடிவிட்டது. இப்போதைய வினைல் கடைகள் முறையான மறுபதிப்புகளை வரவழைத்துத் தருகிறார்கள், உரிமமில்லாததைத் தொடமாட்டார்கள். அதுதான் சரி.

மிச்சமிருப்பது வெளிநாட்டுச் சின்னக் கடைகளும் தபாலும். தட்டின் விலையை அஞ்சல் செலவு எட்டிப் பிடித்துவிடும். சுங்கத் தீர்வையும் தட்டின் விலையோடு அனுப்புச் செலவையும் கூட்டித்தான் கணக்கிடுவார்கள். பல்லார்ட் எஸ்டேட் வெளிநாட்டுத் தபால் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் பயப்படாமல் ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள். அனுப்புகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: தட்டை அட்டைக்குள் வைக்காமல், உள்ளுறையோடு வெளியே எடுத்துப் பின்னால் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். வழியில் பொட்டலம் விழும்போது தட்டின் ஓரம் அட்டையைப் பிளந்துவிடும்.

நடைமுறையில் எங்களில் பாதிப் பேருக்கு ஸ்டட்கார்ட்டிலிருந்தோ நியூஜெர்சியிலிருந்தோ வருகிற அத்தை மகனின் பெட்டிதான் வழி. ஊறுகாயும் பருப்புப் பொடியும் அந்தப் பக்கம் போகும், தட்டு இந்தப் பக்கம் வரும்.

இந்தியாவில் இப்படி இசை செய்தவர்கள் உண்டா?

உண்டு, அதுவும் பலர் நினைப்பதைவிட முன்னாலேயே. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் மூக் சின்த்தோடு ஒரு எலெக்ட்ரானிக் ஸ்டூடியோவை அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா போன்றவர்கள் அங்கே வேலை செய்தார்கள். நாடாக்கள் பல பத்தாண்டுகள் நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தன. பால் பர்காஸ் அவற்றைத் தேடி எடுத்து, 1969 முதல் 1972 வரையிலான பதிவுகள் 2023-ல் முறையாகத் தட்டாக வந்தன, பெயர்கள், ஆண்டுகள், எல்லா விவரத்தோடும். அதில் சில உருப்படிகளை எந்த ஐரோப்பிய டார்க் ஆம்பியன்ட் தொகுப்பிலும் தைரியமாகச் சேர்க்கலாம்.

நம் மும்பையிலேயே சரண்ஜித் சிங் இருந்தார். இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர். 1982-ல் ரோலண்ட் டிபி-303, டிஆர்-808 கருவிகளில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிந்தார். எச்எம்வி வெளியிட்டது, யாரும் சீண்டவில்லை. 2010-ல் நெதர்லாந்து லேபிள் ஒன்று மறுபதிப்புப் போட்ட பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது, வயதான காலத்தில் வெளிநாட்டு மேடைகளில் வாசித்தார், 2015-ல் காலமானார். மறுபதிப்பு அவர் பெயரோடு வந்ததால்தான் அந்த மேடைகள் அவருக்குக் கிடைத்தன. பெயரில்லாத வெள்ளைத் தட்டாக வந்திருந்தால்?

தமிழில் கேட்டால், 70, 80-களின் படப் பின்னணி இசைதான் நம் புதையல். பாட்டுகள் தட்டாக வந்தன, பின்னணி இசை பெரும்பாலும் வரவில்லை. ரசிகர்கள் விசிடியிலிருந்து வசனம் இல்லாத இடங்களாகப் பார்த்து வெட்டி எடுத்து வைத்திருக்கிறார்களே, அந்த பிஜிஎம் கோப்புகளும் உரிமமில்லாத தொகுப்புகள்தான்.

தாத்தாவின் பழைய எச்எம்வி பிளேயரில் போடலாமா?

வேண்டாம். அந்தக் கால ஃபியஸ்டா மாதிரிப் பெட்டிகளின் ஊசி, இன்றைய நல்ல ஊசியைவிட இரண்டு மூன்று மடங்கு எடையோடு தட்டை அழுத்தும். திரும்பத் திரும்பப் போட்டால் மேல் சுருதிகள் போய்விடும்.

நல்ல பிளேயர் இருந்தாலும் எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். தட்டில் அடிக்குரலைக் குறைத்து வெட்டி, கேட்கும்போது ஆம்பிளிஃபயரில் ஏற்றிக்கொள்வது 50-களிலிருந்து வழக்கம். 20 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அந்த ஏற்றம் கிட்டத்தட்ட 20 டெசிபல். இசையோடு மோட்டார் உறுமலும், கட்டடத்துக்குப் பின்னால் போகிற ஹார்பர் லைன் வண்டியின் அதிர்வும் சேர்ந்து ஏறும். வேறு இசையில் இது தனியாகத் தெரியும். இதில் தெரியாது, அதுவும் இசை என்று நினைத்து ரசித்துக்கொண்டிருப்பீர்கள். சுவரில் அடித்த அலமாரி நல்லது.

மழைக்காலத்தில் தட்டில் பூஞ்சை பிடிக்கிறது, என்ன செய்வது?

ஜூலையில் அலமாரியைத் திறந்தால் மும்பையில் யார் வீட்டிலும் இதே கதைதான். விளக்கடியில் பார்த்தால் வெள்ளையாக, கிளை கிளையாகப் படர்ந்திருக்கும். பூஞ்சை வினைலைத் தின்பதில்லை. கைரேகைக் கொழுப்பு, காகித உறை, அட்டைப் பசை இவைதான் அதற்குச் சாப்பாடு. அதனால் காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு பாலித்தீன் உள்ளுறைக்கு மாற்றுங்கள். மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், நாளாவட்டத்தில் தட்டின் மேல் மங்கல் படிய வைக்கும்.

பிடித்துவிட்டால், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து, ஒரு சொட்டு மணமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் வடித்த தண்ணீரால் அலசுங்கள். லேபிளில் ஈரம் படக் கூடாது. மும்பைக் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். ஆல்கஹால் ஷெல்லாக்கைக் கரைக்கும் என்பதால், வீட்டில் பழைய 78 வேகத் தட்டுகள் இருந்தால் இந்தக் கலவையை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

"மிக்ஸி கெட்டுப்போச்சா?" என்பார்கள். ஹெட்ஃபோன் வாங்குங்கள்.

நானே ஒரு தொகுப்பு போடலாமா?

அனுமதி வாங்கிப் போடுங்கள், முதல் ஆளாக நான் வாங்குகிறேன். 2024-ல் மும்பையில் மறுபடியும் ஒரு வினைல் அச்சு ஆலை ஆரம்பித்திருக்கிறது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இந்தியாவில் தட்டு அச்சாகிறது. பொறுப்பான ஆலை எதுவும் உரிமை உங்களுடையது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கும். இருபது முப்பது பிரதி போதும் என்றால், ஒவ்வொரு தட்டாக நேரடியாகப் பள்ளம் வெட்டும் லேத் முறை இருக்கிறது. ஒரு தட்டுக்கு அது ஓடுகிற நேரமே வெட்டும் நேரம், அதனால் விலை கூடுதல்.

உரிமையாளரை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால் அதற்கும் நம் சட்டத்தில் இடமுண்டு. படைத்தவர் இறந்துவிட்டார், யாரென்று தெரியவில்லை, அல்லது கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், முறைப்படி பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, 31ஏ பிரிவின் கீழ் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அலைச்சல்தான். ஆனால் அலைந்தவர் கையில் இருக்கும் தட்டில் ஒரு பெயரும் ஆண்டும் இருக்கும்.

வாங்கிய தட்டு பிடிக்கவில்லை. விற்கலாமா?

சொந்த உபயோகத்துக்கு என்று சொல்லி வரவழைத்ததை விற்றால் அந்த விலக்கு போய்விடும், விற்பனை மீறல்தான். டிஸ்காக்ஸ் சந்தையிலும் உரிமமில்லாத தட்டுகளை விற்க விடமாட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், யாராவது ஒருவர் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போவார். திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.